எதிர்பாராமல் வரும் ஊழியத்துக்கு ஆயத்தமாயிருப்பது: நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?

எபிநேசர்_ஜெ:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சகலவித நற்கிரியைக்கும் ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது தீத்து 3:1. எஜமானுக்கு உபயோகமான பாத்திரம் எந்த நற்கிரியைக்கும் ஆயத்தமாக்கப்பட்டிருக்கும் என்கிறது 2 தீமோத்தேயு 2:21. இந்த வசனங்களின்மேல் பிரசங்கங்கள் ஏராளம். ஆனால் இதற்காகத் திங்கட்கிழமை காலையில் எழுந்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

நாள் குறித்துச் செய்கிற ஊழியத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. முன்னறிவிப்பே இல்லாமல் வருவதைக் கேட்கிறேன். வழியில் சுருண்டு கிடக்கிறவர், நடுராத்திரி அழைக்கிற சபையார், பையும் பிள்ளைகளுமாக வாசலில் நிற்கிற குடும்பம். பையில் என்ன இருக்க வேண்டும், பணத்தில் எவ்வளவு ஒதுக்க வேண்டும், நேரத்தை எங்கே விட்டுவைக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்? இதெல்லாம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். சாட்சிகளுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே செய்முறை மட்டும் போதும்.

சத்திரக்காரன்:
நல்ல கேள்வி சகோ. வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு ஒரு சமாரியன் உதவின உவமையை (லூக்கா 10:33-35) ஒரு பொருள் பட்டியலாக வாசித்துப் பாருங்கள். சமாரியனிடம் எண்ணெய் இருந்தது, திராட்சரசம் இருந்தது, காயம் கட்டத் துணி இருந்தது, ஏற்றிக்கொண்டு போக வாகனம் இருந்தது, கையில் இரண்டு பணம் இருந்தது. மத்தேயு 20:2-ன்படி ஒரு பணம் ஒரு நாள் கூலி. ஆக இரண்டு நாள் கூலி. அதோடு அன்று ராத்திரி சத்திரத்தில் தங்கிப் பராமரிக்க அவனுக்கு நேரம் இருந்தது. அதற்குமேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொன்னால் சத்திரக்காரன் நம்புகிற அளவுக்குச் சொல்லுக்கு மதிப்பும் இருந்தது. மனதுருக்கம் அந்த நிமிஷத்தில் வந்தது. மற்ற எல்லாம் அவன் புறப்படும்போதே அவனோடு இருந்தவை.

இந்தப் பட்டியலில் நம்மிடம் முதலில் தீர்ந்துபோவது நேரம். 1973-ல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. மாணவர்கள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சிற்றுரை ஆற்ற வேண்டும். பாதிப் பேருக்குத் தலைப்பே நல்ல சமாரியன் உவமைதான். போகிற வழியில் ஒருவர் வாசற்படியில் சரிந்து, இருமி முனகிக்கொண்டு கிடப்பார். நேரம் தாராளமாக இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது ஒரு விதத்தில் உதவினார்கள். நேரத்துக்குப் போய்விடலாம் என்று நினைத்தவர்களில் 45 சதவீதம். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று சொல்லப்பட்டவர்களில் 10 சதவீதம். எந்தத் தலைப்பில் பேசப் போகிறார்கள் என்பது குறிப்பிடத்தக்க வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறவர்களே கிடந்தவரைத் தாண்டிப் போனார்கள்.

அதனால் என் முதல் ஆலோசனை இதுதான்: இரண்டு வேலைகளுக்கு நடுவே குறைந்தது 15 நிமிஷம் வெறுமையாக விடுங்கள். போகிற இடத்துக்கு அரை மணி ஆகும் என்றால் 45 நிமிஷம் முன்னால் கிளம்புங்கள். வாரத்தில் ஒரு மாலையை எதற்கும் கொடுக்காதீர்கள், சபைக் கூட்டத்துக்கும்கூட. யாரும் கூப்பிடாவிட்டால் அந்த மாலை ஓய்வாக இருக்கட்டும். இதில் வழக்கமாக நடக்கிற தவறு என்னவென்றால், மூன்று வாரம் யாரும் வரவில்லை என்றதும் அந்த மாலையில் வேறொரு வேலையை நுழைத்துவிடுவோம். நான்காவது வாரம் அழைப்பு வரும்போது நம்மிடம் இடம் இருக்காது.

லேவியராகமம் 19:9-10 இதையே வயலில் சொல்கிறது. வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது. அறுப்பின்போதே விட்டுவைத்தாயிற்று. வேதாகமத்தில் கதிர் பொறுக்க வந்த ஏழை விதவை ரூத்தைப் போல ஒருத்தி வந்து நிற்கும்போது கொடுக்கலாமா வேண்டாமா என்று புதிதாக யோசிக்க வேண்டிய அவசியம் இல்லை.

கிதியோன்300:
மன்னிக்கவும், எனக்கு இதில் ஒரு நெருடல். இவ்வளவு கணக்குப் போட்டு ஆயத்தம் செய்தால் ஆவியானவருக்கு இடம் எங்கே? என்ன பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள், அந்நேரத்தில் உங்களுக்கு அருளப்படும் என்று மத்தேயு 10:19-ல் ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே.

மூப்பர்_யோசுவா:
தம்பி, அந்த வாக்குத்தத்தம் அதிபதிகளுக்கும் ராஜாக்களுக்கும் முன்பாகக் கொண்டுபோய் நிறுத்தப்படுகிறவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அடிபட்டவனுக்குக் கட்டுத்துணியும் அந்நேரத்தில் அருளப்படும் என்று அங்கே இல்லை. லூக்கா 22:35-36-ஐயும் சேர்த்து வாசியுங்கள். முன்பு பணப்பையும் சாமான்பையும் இல்லாமல் அனுப்பின அவரே, இப்போது இருக்கிறவன் எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார். தொற்காள் என்ற சீஷி அங்கிகளையும் வஸ்திரங்களையும் முன்கூட்டியே செய்து வைத்தாள் (அப்போஸ்தலர் 9:39). அதனால் ஆவியானவர் ஓரங்கட்டப்பட்டார் என்று யாரும் சொல்லமாட்டோம். யாரிடம் போக வேண்டும் என்பதை அவர் காட்டட்டும். போகும்போது வெறுங்கையோடு போகாமல் இருப்பது நம் பொறுப்பு.

கிதியோன்300:
சரி ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பத்துக் கன்னிகைகள் உவமையை மட்டும் இதற்கு இழுக்காதீர்கள். அது மணவாளனுக்காக விழித்திருப்பதைப் பற்றியது.

மூப்பர்_யோசுவா:
அதில் உங்களோடு உடன்படுகிறேன்.

பெபேயாள்:
பையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் எபிநேசர். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பொருள் கால் பங்கு, பழகிய கை முக்கால் பங்கு. ஒரு முதலுதவிப் பயிற்சியில் சேருங்கள், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது புதுப்பியுங்கள். நெஞ்சை அழுத்துகிற பழக்கம் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும்.

எப்போதும் கூட வருகிற சிறிய பை: நைட்ரைல் கையுறை இரண்டு ஜோடி (லேடெக்ஸ் சிலருக்கு ஒவ்வாது), 10 செ.மீ. சதுர காஸ் துணி ஆறு, 7.5 செ.மீ. அகல ரோல் பேண்டேஜ் இரண்டு, முக்கோணக் கட்டுத்துணி ஒன்று, மருத்துவ டேப், முனை மழுங்கிய கத்தரிக்கோல், சிறிய டார்ச், பேனா, காகிதம். குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றும் இருக்கட்டும். சர்க்கரை நோயாளி நடுங்கி வியர்த்தால், நினைவும் விழுங்கும் திறனும் இருந்தால் மட்டும், 15 முதல் 20 கிராம் கொடுத்து 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். மற்றவர்களுக்குக் கொடுக்க மாத்திரை எதுவும் வேண்டாம். ஒவ்வாமை, வேறு மருந்தோடு மோதல் என்று உங்களுக்குத் தெரியாத எத்தனையோ அவர்களுக்கு இருக்கும்.

இரத்தப்போக்கு: சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். பத்து நிமிஷம் கையை எடுக்கக் கூடாது. எல்லாரும் தவறுவது இங்கேதான். நின்றுவிட்டதா என்று நிமிஷத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்ப்பார்கள். உறையத் தொடங்கினது பிய்ந்து மறுபடி வடியும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்று. உள்ளே குத்தி நிற்கிற பொருளைப் பிடுங்காதீர்கள், அதன் இரண்டு பக்கமும் அழுத்துங்கள்.

நினைவும் இல்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால்: முதலில் அவசர எண்ணுக்கு அழைத்து ஃபோனை ஸ்பீக்கரில் போடுங்கள். நெஞ்சின் நடுவில் இரண்டு கையும் வைத்து, பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதும் மேலே எழும்ப விடுங்கள். பயிற்சி இல்லாதவர் வாயால் ஊதத் தேவையில்லை, அழுத்தினால் போதும். இரண்டு நிமிஷத்தில் கை தளரும், ஆழம் குறையும். பக்கத்தில் யாராவது இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

வலிப்பு: வாயில் எதையும் திணிக்காதீர்கள், கை கால்களைப் பிடித்து அமுக்காதீர்கள். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைத்து, சுற்றியுள்ள கூர்மையான பொருளை நகர்த்தி, மணியைப் பாருங்கள். 5 நிமிஷத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். அடங்கினதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

தீக்காயம்: 20 நிமிஷம் ஓடுகிற தண்ணீர். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம்.

நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. இரக்கத்தோடு செய்கிற காரியம்தான், ஆனால் அது மூச்சுக்குழாய்க்குள் போய் ஆளைக் கொல்லக்கூடும்.

ஜெபம் செய்யலாமா என்று கேட்பீர்கள். செய்யுங்கள், கை வேலை செய்துகொண்டிருக்கும்போதே. கண்ணை மூடாமல்.

எபிநேசர்_ஜெ:
மிக்க நன்றி சிஸ்டர். வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கிறவருக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காவிட்டால்?

பெபேயாள்:
1 லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டி எடுத்த 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. 5 மி.லி. கரண்டியால் அளக்க வேண்டும். உப்பு கூடிப்போனால் குழந்தைகளுக்கு ஆபத்து, அதனால் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். வாந்தி இருந்தால் பத்து நிமிஷம் பொறுத்து, ஒவ்வொரு மடக்காகக் கொடுங்கள். 24 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

லீதியாள்:
வீட்டு வாசலைப் பற்றி நான் எழுதுகிறேன். 2 இராஜாக்கள் 4:10-ல் சூனேமியாள் (சூனேம் ஊர்ப் பெண்) தீர்க்கதரிசி எலிசாவுக்கு ஆயத்தம் செய்த அறையில் நான்கே பொருள்: கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு. உபசரிப்பு என்றாலே வீட்டைப் புரட்டிப் போட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். தனி அறை இல்லாதவர்கள் ஒரு பெட்டி வைத்துக்கொள்ளலாம். துவைத்த விரிப்பு, போர்வை, தலையணை உறை, துண்டு, பிரிக்காத பல் துலக்கி, சோப்பு, சானிட்டரி நாப்கின், ஒரு செட் தளர்வான மாற்றுடை, பலவகை முனையுள்ள ஃபோன் சார்ஜர். வருகிறவர்கள் அவசரத்தில் வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தால் முதலில் தேடுவது சார்ஜரைத்தான். விருந்தாளி போன அன்றே விரிப்பைத் துவைத்துப் பெட்டியில் திரும்ப வையுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் அடுத்தவர் வரும் ராத்திரியில் பெட்டி காலியாக இருக்கும்.

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் (ஆசீர்வாதப்பர்) தம் மடங்களுக்கு எழுதின ஒழுங்கில் 53-ஆம் அதிகாரம் விருந்தினரைப் பற்றியது. விருந்தினர் வேளைகெட்ட வேளையில் வருவார்கள், வராத நாள் இருக்காது என்று சொல்லி, அவர்களுக்கும் மடத்தலைவருக்கும் தனிச் சமையலறை வைக்கச் சொல்கிறார். காரணமும் எழுதியிருக்கிறார்: மற்ற சகோதரர்கள் அலைக்கழிக்கப்படக் கூடாது. போதுமான படுக்கைகள் விரித்தே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. யாரோ ஒருவர் "வாருங்கள்" என்று சொல்லிவிட, அடுக்களையில் நிற்கிற இன்னொருவர் தூக்கத்தை இழப்பதற்கு உபசரிப்பு என்று பெயர் வைக்கக் கூடாது. அழைக்கிறவரே விரிப்பை விரிக்கட்டும், பாத்திரத்தைக் கழுவட்டும். கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டியவை: கேட்காமலே எத்தனை பேரை, எத்தனை இரவு சேர்க்கலாம், எதற்குக் கட்டாயம் கேட்க வேண்டும், பிள்ளைகள் எங்கே படுப்பார்கள். முன்பின் தெரியாத ஒருவர் தங்கும்போது பிள்ளைகள் பெற்றோரின் அறையில், கதவு தாழிட்டு. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

எத்தனை நாள் என்கிற கேள்வியும் பழையதுதான். திருச்சபையின் தொடக்க கால நூலான திதகே, வழிப்போக்கனாய் வருகிறவனுக்கு முடிந்த உதவியைச் செய், தேவையானால் இரண்டு மூன்று நாள் தங்கட்டும் என்கிறது. அதற்குமேல் தங்க விரும்பினால் வேலை செய்து சாப்பிடட்டும். ஆகவே முதல் இரவிலேயே அன்பாகச் சொல்லிவிடுங்கள்: "மூன்று நாள் நிம்மதியாக இருங்கள். மூன்றாம் நாள் உட்கார்ந்து அடுத்து என்ன என்று சேர்ந்து பார்ப்போம்." முதல் நாளில் சொன்னால் ஆறுதலாக இருக்கும். பத்தாம் நாளில் சொன்னால் விரட்டுகிற மாதிரி இருக்கும்.

வீட்டில் அடி உதைக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் என்றால் வேறு கணக்கு. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும், சபைத் தலைவர்களுக்கும்கூட, அவர்கள் அனுமதி இல்லாமல் சொல்லாதீர்கள். சமரசம் பேச அந்த ராத்திரியே கணவனை அழைக்காதீர்கள். காவல்துறையையோ பெண்கள் பாதுகாப்புக்கான உதவி எண்ணையோ தொடர்புகொள்ள அவர்களுக்குத் துணை நில்லுங்கள்.

மூப்பர்_யோசுவா:
பணம். 1 கொரிந்தியர் 16:2-ல் பவுல் சொன்ன முறை இன்றைக்கும் போதும்: வாரத்தின் முதல் நாள்தோறும், அவரவர் வரவுக்குத் தக்கதாக, தன்னிடத்தில் சேர்த்து வைப்பது. தசமபாகத்தோடு (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) இதைக் கலக்காதீர்கள். சமாரியனின் அளவை வைத்துக்கொண்டால், உங்கள் இரண்டு நாள் வருமானம் எப்போதும் கையில் ரொக்கமாக இருக்க வேண்டும். எடுத்தால் அடுத்த சம்பளத்தில் நிரப்புங்கள். ரொக்கம் ஏன் என்றால், மின்சாரமோ நெட்வொர்க்கோ இல்லாத ராத்திரிகளில்தான் இந்தத் தேவை வரும்.

கடன் என்று கேட்டால், திரும்பாவிட்டாலும் உறவு முறியாத தொகையை மட்டும் கொடுங்கள். லூக்கா 6:35 கைம்மாறு கருதாமல் கடன் கொடுக்கச் சொல்கிறது. கொடுத்ததை மனதில் வைத்துக்கொண்டு ஆராதனையில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் போவதைவிட, பாதித் தொகையை இனாமாகவே கொடுத்துவிடலாம். மருந்துச் செலவென்றால் மருந்துக்கடையிலேயே கட்டுங்கள், பரீட்சைக் கட்டணம் என்றால் பள்ளியிலேயே. அவர்மேல் சந்தேகம் என்று நினைத்துச் சொல்லவில்லை. நெருக்கடியில் இருக்கிறவர் கைக்குப் பணம் வந்தால் முதலில் மிரட்டுகிற கடன்காரனிடம் போய்விடும்.

சபைப் பணமானால் ஒருவர் கையில் இருக்கவே கூடாது. 2 கொரிந்தியர் 8:20-21-ல், தர்மப்பணத்தின் விஷயத்தில் ஒருவனும் குற்றப்படுத்தாதபடிக்குப் பவுல் தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்புகிறார். அவசர நிதிக்கு இரண்டு பேர் பெயர். குறிப்பிட்ட தொகை வரை இருவரில் ஒருவர் ஃபோனில் சம்மதித்தால் போதும். கூட்டம் கூட்டித் தீர்மானம் போடும்வரை காத்திருந்தால் அது அவசர நிதி ஆகாது. பெற்றவர் பெயரை அறிக்கையில் எழுதாதீர்கள். தேதி, தொகை, காரணம் போதும். படம் எடுக்க வேண்டாம். மத்தேயு 6:3 போதுமான தெளிவோடு இருக்கிறது.

ரூத்_ப:
துக்க வீட்டிலிருந்தோ, உடைந்துபோன ஒருவரிடமிருந்தோ திடீரென்று வருகிற அழைப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை. யோபு 2:13-ல், எல்லாவற்றையும் இழந்த யோபுவோடு அவருடைய மூன்று சிநேகிதரும் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டது. ஆகவே "தேவன் ஒரு நோக்கத்தோடுதான்" என்று ஆரம்பிக்காதீர்கள். "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்றும் சொல்லாதீர்கள். என்ன வேண்டும் என்று யோசிக்கிற பெலன் அவர்களிடம் இருக்காது. "பிள்ளைகளை நான் பள்ளியில் விட்டு வரட்டுமா, இல்லை யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டுமோ அவர்களுக்கு ஃபோன் செய்யட்டுமா?" என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருப்பார்கள். ஆறாவது வாரத்துக்கு இப்போதே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

உயிரோடு இருக்க விருப்பமில்லை என்கிற தொனியில் ஒருவர் பேசினால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "தற்கொலை செய்துகொள்ள நினைக்கிறீர்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால், எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து, கயிறு எதுவானாலும் எட்டாத இடத்துக்கு அகற்றுங்கள். அவசர எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அவர் பக்கத்தில் இருந்தபடியே அழையுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். விசுவாசக் குறைவு, பாவம் என்ற பேச்சு அந்த நேரத்தில் அவரை இன்னும் ஓரத்துக்குத் தள்ளும்.

கிதியோன்300:
ரூத் அக்கா, ஒரு கேள்வி. அப்படியானால் சுவிசேஷம் சொல்வது எப்போது?

ரூத்_ப:
அவர் கேட்கும்போது, தம்பி. 1 பேதுரு 3:15 உங்கள் நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவனுக்கு உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது, அதுவும் சாந்தத்தோடு. அதற்கும் ஆயத்தம் வேண்டும்: உங்கள் நம்பிக்கை என்ன என்பதை இரண்டு நிமிஷத்தில், சபைப் பேச்சுவழக்கு இல்லாமல் சொல்லிப் பழகி வையுங்கள். உதவிக்கு அதை விலையாக வைக்காதீர்கள். மயங்கிக் கிடக்கிறவர் மறுத்துப் பேச முடியாது, அந்த நிலையைப் பயன்படுத்திக்கொள்வது தவறு.

சத்திரக்காரன்:
எபிநேசர் கேட்ட கடைசிக் கேள்வி, எங்கே நிறுத்துவது. சமாரியன் மறுநாள் புறப்பட்டுப் போனான், அதைக் கவனியுங்கள். சத்திரக்காரனிடம் ஒப்படைத்து, செலவுக்குக் கொடுத்து, திரும்பி வருவேன் என்றான். ஒப்படைப்பதும் உதவியின் பாகம்தான். ஒப்படைக்கும்போது மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: என்ன நடந்தது, இதுவரை என்ன செய்தேன், எத்தனை மணிக்குச் செய்தேன். காகிதத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். பெபேயாள் சிஸ்டரின் பையில் பேனா இருப்பது இதற்காகத்தான்.

மாற்கு 1:37-38-ல் எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீமோன் வந்து சொல்லியும் ஆண்டவர் அடுத்த ஊருக்குப் போனார். மாற்கு 6:31-ல் சாப்பிடவும் நேரமில்லாத சீஷரை இளைப்பாறக் கூட்டிப்போனார். அங்கேயும் ஜனங்கள் வந்துவிட்டபோது மனதுருகினார், அதையும் மறைக்க வேண்டாம். எப்போது எதைச் செய்வது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. ஆனால் சில இடங்களில் நிச்சயமாக நிறுத்தலாம்: நீச்சல் மீட்புப் பயிற்சி இல்லாமல் தண்ணீரில் குதிப்பது (கயிறோ மிதக்கும் பொருளோ எறியுங்கள்), மின்கம்பி தொட்டுக்கொண்டிருக்கிறவரைத் தொடுவது (முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்), தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டுவது. இவற்றில் ஒருவருக்குப் பதில் இரண்டு பேரைத் தூக்க வேண்டிவரும். தனியாக ஒரு சிறுவனையோ சிறுமியையோ வண்டியில் ஏற்றிப் போவதையும் தவிர்த்து, இன்னொரு பெரியவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எபிநேசர்_ஜெ:
எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒன்று: ஓடியாட முடியாத முதியவர்கள் இதில் என்ன செய்யலாம்?

லீதியாள்:
மேலே சொன்ன அதே பெனடிக்ட் ஒழுங்கில் 66-ஆம் அதிகாரம் வாசல்காப்பவரைப் பற்றியது. வாசலுக்கு விவேகமுள்ள ஒரு முதியவரை வைக்கச் சொல்கிறார். விசாரித்துப் பதில் சொல்லத் தெரிந்தவராக, வயதினால் அலைந்து திரியாதவராக. தட்டுகிறவருக்கு எப்போதும் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பதற்காக அவர் அறை வாசல் பக்கத்திலேயே. சபைகளில் இன்று அந்த வாசல் ஒரு ஃபோன். நாள் முழுதும் வீட்டில் இருக்கிற பெரியவர் ஒருவர் அந்த எண்ணை எடுக்கட்டும். யாரிடம் வண்டி இருக்கிறது, யார் செவிலியர், எந்த வீட்டில் படுக்கை காலி, யாருக்கு எந்த இரத்த வகை, யார் ராத்திரியில் அழைத்தால் எழுவார் என்ற பட்டியலை அவர் கையில் கொடுங்கள்.

பெபேயாள்:
அந்தப் பட்டியல் காகிதத்திலும் இருக்கட்டும், பெரிய எழுத்தில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா எண்ணையும் அழைத்துச் சரிபார்க்க வேண்டும், பாதி எண்கள் மாறியிருக்கும். அதே நாளில் பையையும் திறந்து பாருங்கள். டேப் வெப்பத்தில் பிசுபிசுத்துப் போயிருக்கும், அதனால் பையை வெயிலில் நிற்கிற வண்டிக்குள் விட்டுவைக்காதீர்கள். பவர் பேங்க் சும்மா இருந்தாலும் இறங்கும், ஏற்றிவிடுங்கள். டார்ச் பேட்டரியைக் கழற்றித் தனி உறையில் போட்டு, டார்ச்சோடு சேர்த்து ரப்பர் பேண்டு போடுங்கள். உள்ளேயே கிடந்தால் கசிந்து முனைகளை அரித்துவிடும்.